மரத்துக்கும் இடம் வேண்டும்

மாரியில் நாம் செய்த சதுரங்கப் பலகையொன்று அடுத்த கோடையிலேயே நடுவே பிளந்தது. பிள்ளைகள் ஆவலோடு காத்திருந்த பலகை அது. முதலில் பசையைக் குறை கூறினோம். தவறு எம்முடையதே. நான்கு பக்கச் சட்டத்தோடும் பலகையைப் பசையிட்டு இறுக்கியிருந்தோம்.

மரம் மாரியில் ஈரத்தை உறிஞ்சி விரியும், கோடையில் சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சொற்பம். அகலவாட்டிலேயே அதிகம். 16 அங்குல அகலத் தேக்குப் பலகை, அங்குலத்தில் எட்டிலொரு பங்குக்கு மேலும் அசையக்கூடும்.

கதவு, யன்னல் வேலையில் மிஞ்சி, நிழலில் நன்கு உலர்ந்த துண்டுகள் போதும். கருநிறத்தில் 4, வெளிர்நிறத்தில் 4 கீற்றுகள். ஒவ்வொன்றும் 2 அங்குல அகலம், 18 அங்குல நீளம். இவற்றை மாறிமாறி அடுக்கி ஒட்டுவோம். காய்ந்தபின் குறுக்கே 2 அங்குலமாக 8 துண்டுகள் அறுத்து, ஒன்றுவிட்டொன்றைத் தலைமாற்றி மீண்டும் ஒட்டினால் 64 கட்டங்கள் அமையும். நார் யாவும் ஒரே திசையில் ஓடும். இரண்டாவது மூட்டுகள் பலவீனமானவை. ஆதலால் அடியில், நார் ஓடும் திசையிலேயே 3 மரச்சலாகைகளை ஒட்டுவோம். பலகையும் சலாகையும் ஒன்றாக அசைவதால் பிளவு நேராது.

சட்டத்தில் ஆழமாகத் தவாளிப்பு வெட்டி, பலகையைப் பசையின்றி அதனுள் நிறுத்துவோம். கோடையில் செய்வதாயின், அகலவாட்டில் இரு பக்கமும் எட்டிலோர் அங்குல இடைவெளி விடுவோம். வார்னிஷை மேலும் கீழும் ஒரேயளவு பூசுவோம்.

மீளக் குடியேறி வீட்டுக் கதவு செய்வோருக்கும் விதி இதுவே: மரத்தைத் தாங்குவோம், நெரிக்காதிருப்போம்.