பெயருள்ள முகங்கள்: ஓவியர் சித்தபிரசாத்தும் மலையகமும்

இந்நாட்டிலே மிக அதிகமாகச் சித்திரிக்கப்பட்ட மனிதர்களுள் மலையகத் தோட்டத் தொழிலாளியும் ஒருவர் எனலாம். தேயிலைப் பொதிகளிலும் நாட்காட்டிகளிலும் உல்லாசப் பயணத்துறையின் விளம்பரங்களிலும் கூடை சுமந்த பெண்ணொருத்தி புன்னகை செய்கிறாள். 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரித்தானியப் பேரரசுச் சந்தைப்படுத்தும் சபையின் சுவரொட்டிகளிலும் இலங்கைத் தேயிலை இடம்பெற்றது. ஏறத்தாழ நூறாண்டுகளாக வெளிவரும் இவ்வகைப் படங்களுக்குப் பொதுவான பண்பொன்றுண்டு. அவற்றில் வரும் பெண்ணுக்குப் பெயரில்லை. அவள் எத்தோட்டத்தவள், எந்த லயத்தில் வாழ்பவள், நாளொன்றுக்கு என்ன கூலி பெறுபவள் என்ற குறிப்பு எதுவுமில்லை. விற்பனைக்குரிய பண்டத்தின் அடையாளமாகவே அவள் அங்கு நிற்கிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் வாசிகசாலையிலே, இவற்றினின்றும் முற்றாக வேறுபட்ட சில படங்களின் பிரதிகளை இக்கட்டுரையாளர் காண்பிக்க நேர்ந்தது. எலும்புந் தோலுமான முதியவர்கள், பிள்ளைகளை அணைத்தபடி நிலத்திற் சாய்ந்துகிடக்கும் தாய்மார் ஆகியோரைக் கறுப்பு மையிலே தீட்டிய படங்கள் அவை. கூட்டத்திலிருந்த வயோதிப மாது ஒருவர் அவற்றை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "எழுபத்திநாலு பஞ்சந்தானே தம்பி இது? எந்தத் தோட்டத்து ஆளுக?" என்று வினவினார். அப்படங்கள் 1974 ஆம் ஆண்டுக்குரியனவல்ல; எந்தத் தோட்டத்துக்கும் உரியனவுமல்ல. 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின்போது சித்தபிரசாத் என்னும் இளைஞர் வரைந்தவை அவை. ஆயினும் அம்மாதின் வினா பொருத்தமற்றதன்று. ஓவியக் கல்லூரி எதிலும் பயிலாத ஒருவர் வரைந்த வங்காள முகங்களிலே ஊவாத் தோட்டத்து மூதாட்டி தம்மவரை இனங்கண்டமைக்குக் காரணம் யாது? அவர் தேடிய தோட்டத்து முகங்கள் ஏன் வரையப்படவில்லை? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

சித்தபிரசாத் 1915 ஆம் ஆண்டு வங்காளத்தின் நைஹாத்தியிலே பிறந்தவர். பட்டாச்சார்யா என்னும் குடும்பப் பெயர் அவருடைய பிராமணப் பிறப்பைச் சுட்டுவதாகும். சாதியை நிராகரித்த அவர் அப்பெயரைக் கைவிட்டுச் சித்தபிரசாத் என்ற தனிப்பெயராலேயே அறியப்படலானார். 1930களிலே சிட்டகாங் அரசினர் கல்லூரியில் மாணவராயிருந்த காலத்தில், குடியேற்ற ஆட்சிக்கும் நிலப்பிரபுத்துவத்துக்கும் எதிரான இயக்கங்கள் அவரை ஈர்த்தன. 1930 ஏப்ரலிலே சூரியா சென் தலைமையில் ஆயுதக் களஞ்சியம் தாக்கப்பட்ட நகரம் அது என்பது மனங்கொள்ளத்தக்கது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பணிகளில் ஈடுபட்ட அவர், இயக்கத்துக்கான சுவரொட்டிகளையும் கேலிச்சித்திரங்களையும் வரைந்தே தமது கையைப் பழக்கிக்கொண்டார்.

'சுயமாகப் பயின்ற கலைஞர்' என்ற தொடர் ஈண்டு ஆராய்தற்குரியது. முதலாளித்துவக் கலைவிமர்சனம் இத்தொடரை இருவகையிற் கையாளுகின்றது. கலைஞனைச் சமூகத்தினின்றும் பிரித்துப் பிறவி மேதையாக்குவது ஒருவகை. அவனைக் கள்ளங்கபடமற்ற பாமரனாகக் கண்டு வியப்பது மற்றொரு வகை. இரண்டுமே கலைஞன் எவரிடம் கற்றான் என்ற வினாவைத் தவிர்த்துவிடுகின்றன. கிராமத்துச் சிற்பிகளையும் கைவினைஞரையும் பாவைக்கூத்தரையும் சித்தபிரசாத் இளமையிலேயே கூர்ந்து நோக்கியிருந்தார். இயக்கத்தின் கூட்டங்கள் அவருக்கு வகுப்பறையாயின. கட்சிப் பத்திரிகைகள் காட்சிக்கூடமாயின. அவருடைய சுவரொட்டிகளைப் பார்க்க வந்த விவசாயிகளிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தொலைவில் நிற்பவருக்கும் ஒரே பார்வையில் விளங்கவேண்டும் என்ற தேவையே அவருடைய கோட்டின் உறுதியையும் கறுப்பு வெள்ளை முரணின் கூர்மையையும் உருவாக்கிற்று. இது எந்தக் கல்லூரியும் கற்பிக்காத பாடம்.

அவருடைய சமகாலத்தவரோடு ஒப்புநோக்கின் இது மேலும் தெளிவாகும். ஜைனுல் ஆபெதீன் கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியிற் பயின்றவர். பஞ்சத்தைச் சித்திரித்தபோது அவரும் மலிவான தாளில் கறுப்பு மையாலான சிக்கனமான கோடுகளையே நாடினார். பின்னாளிற் புகழ்பெற்ற சோமநாத் ஹோர், பஞ்சத்தாற் பாதிக்கப்பட்டோரை வரையச் சித்தபிரசாத்தாலேயே தூண்டப்பட்டவர். கல்லூரிப் பயிற்சி உடையவரும் இல்லாதவரும் ஒரே இடத்திற் சந்தித்தனரெனில், அவர்களைப் பயிற்றுவித்தது அக்கால வரலாறே என்பது பெறப்படும்.

2

வங்காளப் பஞ்சம் இயற்கையின் சீற்றம் மட்டுமன்று. 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. எதிரியின் கையிற் சிக்கலாகாது என்ற காரணத்தைக் கூறி, கரையோர மாவட்டங்களிலிருந்து அரிசியையும் படகுகளையும் அரசாங்கம் அகற்றிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் மிதினாப்பூரைப் புயல் தாக்கிற்று. யுத்தச் செலவினால் விலைகள் பன்மடங்காயின. ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. 1981 இல் வெளியான நூலிலே அமர்த்தியா சென் ஒரு முக்கிய உண்மையை நிறுவினார்: அப்பஞ்சத்துக்கு உணவுப் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் கூறவியலாது, விவசாயக் கூலிகளும் மீனவரும் போன்றோர் உணவைப் பெறும் ஆற்றலை இழந்தமையே பேரழிவுக்கு அடிப்படையாயிற்று. இன்னொரு வகையிற் கூறின், பஞ்சம் வர்க்கம் பார்த்தே தாக்கிற்று.

1943 நவம்பரிலே சித்தபிரசாத் மிதினாப்பூர்க் கிராமங்களினூடாகச் சென்று, கண்டவற்றை வரைந்தும் எழுதியும் வந்தார். அவை 'ஹங்கிரி பெங்கால்', அதாவது 'பசித்த வங்காளம்', என்ற சிறுநூலாயின. பிரித்தானிய அரசாங்கம் அதனைத் தடைசெய்து, ஏறத்தாழ ஐயாயிரம் பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது. குடும்பத்தார் காத்துவைத்திருந்த பிரதியொன்றைக்கொண்டு 2011 இலேயே அந்நூல் மீண்டும் அச்சேறிற்று.

இங்கு ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. 1941 இல் சோவியத் நாட்டின்மீது ஹிட்லர் படையெடுத்த பின்னர், கம்யூனிஸ்ட் கட்சி நடைபெற்ற போரை மக்கள் யுத்தம் எனக் கொண்டு ஆதரித்தது. 1942 இல் கட்சி மீதிருந்த தடையும் நீங்கிற்று. பஞ்சத்தைத் தோற்றுவித்த யுத்தகால அரசை நேர்நின்று எதிர்க்க இயலாத நிலையிலே கட்சி இருந்தது. ஆயினும் அதே கட்சியின் ஓவியர் வரைந்த நூலை அவ்வரசினாற் பொறுக்கமுடியவில்லை. பால்சாக்கின் அரசியற் சார்பையும் மீறி அவருடைய யதார்த்தவாதம் வெற்றிபெற்றதென 1888 ஆம் ஆண்டுக் கடிதமொன்றிலே ஏங்கெல்ஸ் குறிப்பிட்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. சூழ்நிலைக்கேற்ப அரசியல் நிலைப்பாடு விட்டுக்கொடுத்த இடத்திலும் நேர்மையான சித்திரிப்பு விட்டுக்கொடுக்கவில்லை.

இந்நேர்மையின் அடிப்படை யாது? சித்தபிரசாத் 'பசி' என்ற பொதுக்கருத்தை வரைந்தவரல்லர். பசித்த மனிதர்களை வரைந்தவர். அவருடைய பஞ்சச் சித்திரங்கள் பலவற்றில் வரையப்பட்டவரின் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டுள்ளன. மிதினாப்பூரிலே நாய்கள் தின்னக் கிடந்த சடலமொன்றை வரைந்தபோதும், அம்மனிதனுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதை அவர் பதிவுசெய்யத் தவறவில்லை. அரசாங்கத்தின் அறிக்கையில் எண்ணிக்கையாகிப் போனவர் சித்திரத்திலே மீண்டும் மனிதராகிறார்.

3

1946 இல் சித்தபிரசாத் பம்பாய்க்கு இடம்பெயர்ந்தார். அவ்வாண்டுக் கடற்படையினரின் கிளர்ச்சியையும் தெலுங்கானா விவசாயிகளின் போராட்டத்தையும் வரைந்தார். முரசறைபவனைக் காட்டும் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் சின்னமும் அவர் ஆக்கியதே. 1940களின் இறுதியில் கட்சியின் செயற்பாடுகளிலிருந்து விலகினார். அதன்பின் அந்தேரியில் எளிய குடியிருப்பொன்றிலே வறுமையோடு வாழ்ந்தபடி, லினோலியத் தகட்டிற் செதுக்கி அச்சிடும் முறையையே பெரிதும் கையாண்டார். தகடு மலிவானது, ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். ஒருவருடைய தனியுடைமையாகச் சுவரில் தொங்கும் தைலவண்ண ஓவியத்துக்கு மாறாக, தொழிலாளி ஒருவரும் வாங்கத்தக்க படம் அது.

உழைப்பிலும் தெருவிலும் இளமையை இழக்கும் குழந்தைகளைப் பற்றிய அவருடைய செதுக்கோவியத் தொடர், 'தேவதைக் கதைகளற்ற தேவதைகள்' என்னும் பொருள்படும் தலைப்பிலே 1969 இல் டென்மார்க் யுனிசெப் குழுவினால் வெளியிடப்பட்டது. 'கேலாகர்' என்ற பெயரிற் குழந்தைகளுக்கான பாவைக்கூத்து அரங்கினையும் அவர் நடத்தினார். செக் நாட்டு நெறியாளர் பாவெல் ஹோப்ல் 1972 இல் அவரைப் பற்றிய படமொன்றை எடுத்தார். 1978 நவம்பரிலே கல்கத்தாவிற் காலமானார்.

இவ்விரு காலகட்டங்களையும் ஒருங்கு நோக்கின், சுயமாகப் பயின்றவரின் வாழ்வுக்கும் அவரைத் தாங்கிய நிறுவனத்துக்குமுள்ள தொடர்பு புலனாகும். கல்லூரியின் இடத்தை அவருக்கு நிரப்பியது இயக்கம். அதிலிருந்து விலகிய பின்னர் அவருடைய கைத்திறன் குன்றவில்லை. ஆனால் பத்திரிகைவழி ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்த வழி அடைபட்டது. பல்லாயிரவர் பார்ப்பதற்கென வரையப்பட்ட அவருடைய படங்கள் இன்று தனியார் காட்சிக்கூடங்களில் விலையுயர்ந்த பொருள்களாகியுள்ளன. தனிமனிதரின் திறமையைப் போற்றும் அளவுக்கு அத்திறமையைத் தாங்கும் அமைப்பைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை என்பதே இதிலிருந்து பெறும் படிப்பினை.

4

இனி மலையகத்துக்கு வருவோம். தென்னிந்தியத் தொழிலாளரை இம்மலைகளுக்கு உந்தியதும் பசியே. 1876–78 ஆம் ஆண்டுகளின் சென்னை மாகாணப் பஞ்சம் பெருந்தொகையானோரை இலங்கைக் கோப்பித் தோட்டங்களை நோக்கி விரட்டிற்று. 1869 இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழியத் தேயிலை வந்தது; 1924 இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டிற்று. தோட்டத்தின் செக்ரோலிலே தொழிலாளியின் பெயர் இருந்தது உண்மையே. எனினும் அவர் பெரட்டுக்கு வந்த நாட்களைக் கணக்கிடுவதற்காகவே அது இருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று.

1973–74 இலே உலக உணவு விலைகள் ஏற, மானிய உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டது. கிராமத்தவருக்கு ஓரளவேனும் நிலமிருந்தது. லயத்து மக்களுக்கோ அன்றாடக் கூலியன்றி வேறு பற்றுக்கோடில்லை. தோட்டப்புறத்தில் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்தது. வங்காளத்தைப் பற்றிச் சென் கூறிய விளக்கம் இங்கும் பெரிதும் பொருந்தும். அம்மூதாட்டி மிதினாப்பூரின் முகங்களிலே தம்மவரைக் கண்டமைக்குக் காரணம் இதுவே. இரு பஞ்சங்களும் நிலமற்ற கூலியுழைப்பாளரையே முதலிற் பலிகொண்டன.

1973 இல் பிரித்தானியத் தொலைக்காட்சி தோட்ட மக்களின் அவலத்தைப் படமாக்கிற்று. அதன் பயனை மறுப்பதற்கில்லை; எனினும் அது வெளியிலிருந்து வந்த பார்வை. எழுத்துத்துறையிலே மலையகம் தன் குரலைக் கண்டடைந்திருந்தது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதி 1980 இல் வெளிவந்தது. ஓவியத்துறையிலோ அதற்கிணையான வளர்ச்சி காலந்தாழ்ந்தே நிகழ்ந்தது. திறமைக்குப் பஞ்சமிருந்ததெனக் கூறுவது தவறு. காமன்கூத்தின் ஒப்பனையையும் மாரியம்மன் திருவிழாவின் தேர் அலங்காரத்தையும் மே தினப் பதாகைகளையும் ஆக்கிய கைகள் எங்கிருந்து வந்தன? அக்கைகளுக்கு வாய்க்காதவை தாளும் அச்சகமும் ஓய்வுநேரமும், வரைந்ததை மக்களிடம் கொண்டுசெல்லும் அமைப்புமே. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயின்ற மலையக ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையே தம் படைப்புக்கு ஊடகமாக்கியிருப்பது நம்பிக்கையளிக்கும் மாற்றம்.

ஆயினும் பெயரின்மை இன்னும் நீங்கிவிடவில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, புதையுண்டோர் எத்தனை பேர் என்பதே பல நாட்கள் உறுதிப்படவில்லை. 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாறு நினைவுகூரப்பட்டபோதும், பல மேடைகளை அலங்கரித்தது பெயரற்ற அந்தக் கூடைக்காரியின் படமே.

தொடக்கத்திற் குறிப்பிட்ட வாசிகசாலையிலே, இவை வங்காளத்துப் படங்கள் என்று விளக்கியபின், அம்மூதாட்டி தம் லயத்தில் எழுபத்துநான்கிலே மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பதினொரு பெயர்கள். அவர்களிற் குழந்தைகள் நால்வர். அவற்றைக் குறித்துக்கொள்ளக் கட்டுரையாளரிடம் தாளிருந்தது. அம்முகங்களை அவர் சொல்லச் சொல்ல வரையக்கூடிய ஒருவர் அன்று அங்கு இருக்கவில்லை. அப்பஞ்சத்தைக் கண்டோர் இன்று முதுமை எய்திவிட்டனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களிலே ஊவாவைச் சேர்ந்த மாணவருமுளர், வரையத் தெரிந்தவருமுளர். விடுமுறைக் காலங்களிலே அவர்கள் சேர்ந்து தோட்டங்களுக்குச் சென்று, முகத்தோடு பெயரையும் லயத்தையும் ஆண்டையும் பதிவுசெய்வார்களாயின், மலையகத்தின் சித்திர ஏடு உருவாகும். அதற்கு எவரும் மேதையாயிருக்க வேண்டியதில்லை. சித்தபிரசாத்தும் அவ்வாறு தொடங்கியவரல்லர்.