விக்டோரியா நாளுக்கு எட்டுக் கிழமை
பனிநாட்டுத் தோட்டம் – 6

மே 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமை கனடாவில் விக்டோரியா நாள். 1819 மே 24 அன்று பிறந்த அரசியின் பெயரால் 1845 முதல் விடுமுறை. அது எப்போதும் திங்களில்தான் வரவேண்டும் என்று நிலைப்படுத்தியது 1952இல். ரொறன்ரோவில் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்களுக்கு அரசியும் வாணவேடிக்கையும் பிறகுதான். அந்த வார இறுதி கழிந்தால் உறைபனி அநேகமாக இனி விழாது, கத்தரியையும் மிளகாயையும் துணிந்து வெளியே நடலாம். ஆகவே இந்த ஊர்த் தோட்டக்காரர் ஆண்டை அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள்.

நாமும் எண்ணுவோம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டு முதல் பத்துக் கிழமை. தக்காளிக்கு ஆறு முதல் எட்டு. பாகல், புடோல், பீர்க்கு, வெண்டி எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு போதும். பங்குனி நடுவில் இருக்கிறோம். மிளகாய் விதை இந்தக் கிழமை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். பாகல் விதையை ஏப்ரல் கடைசிவரை தொடவே வேண்டாம். அவசரப்பட்டு இப்போதே போட்டால் மே மாதத்தில் யன்னல் திரைச்சீலையில் கொடி ஏறி நிற்கும், வேர் சட்டிக்குள் சுருண்டிருக்கும். பாகல் குடும்பத்துக்கு வேரைக் கலைப்பது பிடிக்காது. அப்படி நட்ட கொடி தேறுவதற்குள், இரண்டு கிழமை பிந்திப் போட்ட கொடி அதைத் தாண்டிவிடும்.

யாழ்ப்பாணத்தில் நாற்றுமேடை வளவிலேயே இருந்தது. மேலே கிடுகு போட்டது வெயிலைத் தணிக்க. இங்கே கணக்கு தலைகீழ். நகருக்குள் உறைபனி இல்லாத காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். அதிலும் மே கடைசியும் செப்ரெம்பர் பிற்பகுதியும் வெப்பநாட்டுப் பயிருக்குக் குளிர்தான். விதை போட்டு முதல் காய் பறிக்கக் கத்தரிக்கு நான்கு மாதம் வேண்டும். அந்த நான்கில் இரண்டை வீட்டுக்குள் கழிக்காவிட்டால், பூத்துக் குலுங்கும் நேரத்தில் பனி வந்துவிடும்.

விதைப் பொதிகளின் பின்புறத்தில் தாவர வலய எண் ஒன்று போட்டிருப்பார்கள். ஆறு, ஏழு என்று. பலர் அதைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். அந்த எண் மாரியின் கடுங்குளிரை ஒரு மரமோ பல்லாண்டுச் செடியோ தாங்குமா என்பதைச் சொல்வது. ஒரு கோடைக்குள் வாழ்ந்து முடியும் நமது காய்கறிகளுக்கு அதனால் ஒரு பயனுமில்லை. நமக்கு வேண்டியவை இரண்டு திகதிகள் மட்டுமே: கடைசி உறைபனி, முதல் உறைபனி. இரண்டும் ஏரிக்கரையிலும் வடக்கே மார்க்கம் பக்கத்திலும் ஒன்றல்ல. ஒன்ராறியோ ஏரி வசந்தத்தைப் பிந்த வைக்கும், இலையுதிர்காலத்தை நீட்டித் தரும். வடக்கே போகப் போக இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி முந்தி வரும்.

இனி விதைக்கு வருவோம். முளைக்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி சூட்டைப் பற்றியது. வீடு 21 பாகையில் இருக்கிறதே என்பார்கள். காற்று 21 பாகைதான். ஈரமண் அப்படியில்லை. நீர் ஆவியாகும்போது மண்ணின் சூட்டையும் கொண்டுபோகிறது. ஈரச்சட்டி அறையைவிட இரண்டு மூன்று பாகை குறைவாகவே இருக்கும், இரவில் ஹீற்றரைக் குறைத்தால் இன்னும் இறங்கும். மிளகாயும் கத்தரியும் முளைக்க 25 முதல் 30 பாகை வேண்டும். வெண்டியும் பாகலும் 27க்கு மேல் கேட்கும். 30 பாகையில் ஒரு கிழமையில் எட்டிப் பார்க்கும் மிளகாய், 18இல் மூன்று கிழமை யோசிக்கும், அதற்குள் பாதி விதை அழுகிவிடும். விதைத் தட்டுக்குக் கீழே விரிக்கும் 'ஹீற் மற்' என்ற சூட்டுப் பாய் வாங்குவது வீண் செலவல்ல. நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது அதைத்தான். மேலே ஒளி ஊடுருவும் மூடி. முளை தலை காட்டியதும் மூடியை எடுத்துவிட வேண்டும், பாயையும் நிறுத்திவிடலாம்.

மண்ணுக்குப் பதில் தும்புத்தூள் கட்டி வாங்குங்கள். கடையில் செங்கல் போல அமுக்கி விற்கும் அந்தக் கட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் இலங்கை என்றே இருக்கும். நீரில் போட்டால் பொங்கி வாளி நிறையும். அதில் சத்து கிட்டத்தட்ட எதுவும் கிடையாது. ஆனால் முதல் இரண்டு கிழமைக்கு விதைக்குத் தேவையான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. உண்மையான இலை வந்த பிறகு பசளையை நீர்க்கக் கரைத்துக் கொடுக்கலாம். பின்வளவு மண்ணை உள்ளே கொண்டுவந்து நாற்றுப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை அடித்தண்டு நூலாய்ச் சுருங்கிச் சரிந்து கிடந்தால், அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்ரோனியா போன்ற மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை. சரிந்த நாற்றை மீட்க முடியாது. தடுப்பது சுலபம்: சுத்தமான ஊடகம், மேல்மண் காய்ந்த பிறகு கீழிருந்து தண்ணீர், அசையும் காற்று.

அந்தக் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சின்ன மின்விசிறியை மெதுவாகச் சுழல விட்டால் நாற்று ஆடும். ஆடும் தண்டு தடிக்கும். விசிறி இல்லாதவர்கள் போகும்போதும் வரும்போதும் உள்ளங்கையால் நாற்றுத் தலைகளை மெல்லத் தடவிவிட்டாலே போதும்.

வெளிச்சம் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பங்குனியில் தெற்கு யன்னல் போதாது. முகில் மூடிய வானம், இரட்டைக் கண்ணாடி, பன்னிரண்டு மணி நேரப் பகல். நாற்று யன்னலை நோக்கி வளைந்து, வெளிறி, முழ நீளம் போகும். அப்படி நீண்ட மிளகாய் நாற்றை யூன் வெயில் திரும்ப நேராக்காது. நிலக்கீழ் அறையில், கராஜுக்கென விற்கும் சாதாரண நாலடி எல்ஈடி விளக்கு இரண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு, நாற்றுத் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் வைத்து, நாளுக்குப் பதினாறு மணி நேரம் எரியவிடுங்கள். 'செடி வளர்க்கும் விளக்கு' என்ற பெயரில் ஊதா வெளிச்சத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. இரவு எட்டு மணி நேரம் இருட்டு வேண்டும்.

இத்தனையும் செய்து, விதை கிழமாய்ப் போயிருந்தால் என்ன பலன்? ஊருக்குப் போய்வந்தபோது யாரோ தந்த விதை, குசினி லாச்சியில், கடதாசிச் சுருளில், ஆண்டு எழுதாமல். நமது வீடுகளில் இது இல்லாத வீடு குறைவு. வெங்காய விதை ஓராண்டைத் தாண்டினால் நம்ப முடியாது. வெண்டி, மிளகாய் இரண்டு மூன்று ஆண்டு. கத்தரி, பாகல் நான்காண்டுகூடத் தாங்கும், வறண்டு குளிர்ந்த இடத்தில் இருந்தால். விதையின் ஈரப்பதம் ஒரு வீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சூடு ஐந்து பாகை குறைந்தாலும் இரட்டிக்கும் என்று விதையியலில் ஹாரிங்ரன் பெயரால் ஒரு விதி உண்டு. ஊரில் விதையைச் சாம்பலில் புரட்டியதும், முற்றிய காயை அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டதும் ஈரத்தை இறக்கவும் பூச்சியைத் தள்ளி வைக்கவும்தான். இங்கே காற்றுப் புகாத போத்தலும் குளிர்சாதனப் பெட்டியும் அந்த வேலையைச் செய்யும். சந்தேகமான விதையைத் தட்டில் போடுமுன் பத்தை எண்ணி ஈரக் கடதாசித் துவாயில் சுற்றிப் பைக்குள் இட்டுச் சூடான இடத்தில் வையுங்கள். ஆறு முளைத்தால் கொஞ்சம் நெருக்கமாகப் போடலாம். ஒன்றிரண்டுதான் என்றால் வேறு விதை தேடும் நேரம் வந்துவிட்டது.

புதிதாக யாராவது ஊரிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால், விமான நிலையத்தில் விதை இருக்கிறது என்று அறிவிப்பது கட்டாயம். மறைத்துக் கொண்டுவரும் விதையோடு ஒரு நோயும் வரலாம். அது நம் பின்வளவோடு நிற்காது.

இந்தத் தொடரில் நான் மிகவும் சொல்ல விரும்பிய விடயம் இனித்தான் வருகிறது. சூட்டைப் பாய் தரும், வெளிச்சத்தை விளக்கு தரும். வெளியே நட்ட பிறகு பகலின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். ரொறன்ரோவில் யூன் பிற்பகுதியில் 15 மணி 25 நிமிடத்தைத் தாண்டும். நமது பயிர்களில் சில, பகல் சுருங்கினால்தான் பூக்கும். ஊரில் மார்கழி, தை மாதங்களில் பந்தல் நிறையக் காய்க்கும் கொடி அவரை அப்படிப்பட்டது. "அக்கா, கொடி வேலி முழுக்கப் படருது, ஒரு பூவும் இல்லை, பசளை காணாதோ?" என்று ஓகஸ்ட் மாதத்தில் கேட்பார்கள். பசளையில் ஒரு குறையும் இல்லை. இங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு இறங்குவது செப்ரெம்பர் 25 அளவில். அப்போதுதான் கொடிக்குப் பூக்கும் காலம் வந்ததாகத் தெரிகிறது. மொட்டு விட்டுப் பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் உறைபனி. சிறகவரையும் இதே கதை. ஆசைக்கு ஒரு கொடி வைக்கலாம், காய்க்கு நம்பி வைக்காதீர்கள். அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் குற்றவரை வகையைத் தேடுங்கள்.

பாகலும் பூசணிக் குடும்பமும் பூக்காமல் இருப்பதில்லை. ஆனால் நீண்ட பகலும் சூடும் ஆண்பூவைக் கூட்டும். யூலை முழுக்கப் பூவாய்ச் சொரிந்து ஒரு பிஞ்சும் இல்லாததற்கு அதுதான் காரணம். பொறுத்திருக்க வேண்டும். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவற்றோடு தொடங்குவதே நல்லது. புளிச்சக்கீரைக்கு நீண்ட பகல் வரமாகவே அமைகிறது. பூப்பதற்குக் குறும்பகல் தேவை என்பதால் கோடை முழுக்க இலையாகவே தள்ளும். நமக்கு வேண்டியதும் இலைதான்.

ஒரே வகைக்குள்ளும் எல்லாச் செடியும் ஒன்றல்ல. பத்துப் பாகல் வைத்தால் ஒன்று மற்றவற்றுக்குப் பத்து நாள் முந்திப் பெண்பூ விடும். அந்தக் கொடியின் முதல் காயைக் கறிக்குப் பறிக்கக் கூடாது. தண்டில் ஒரு சிவப்பு நூல் கட்டி விடுங்கள். மஞ்சளாகி வெடித்துச் சிவந்த சதை தெரியும்வரை கொடியிலேயே நிற்கட்டும். அந்த விதையை அடுத்த ஆண்டு போட்டு, அதிலும் முந்தியதைத் தெரிந்து வைத்தால், சில ஆண்டுகளில் விதை இந்த ஊரின் கணக்குக்கு வரத் தொடங்கும். யாழ்ப்பாணத்தின் தின்னவேலி ஆராய்ச்சி நிலையத்தின் பெயரோடு இருக்கும் தின்னவேலி வெள்ளைப் பாகலும் தின்னவேலி ஊதாக் கத்தரியும் அந்த மண்ணில் தெரிந்தெடுத்து நிலைத்தவை. நயாகராப் பக்கம் வைன்லண்ட் ஆய்வு நிலையம் வெண்டியையும் நீளக் கத்தரியையும் பயிற்றையையும் ஒன்ராறியோ வயல்களில் நட்டுப் பார்த்ததும் இதே நோக்கத்தோடுதான். அவர்கள் கமக்காரருக்காகச் செய்ததை, பின்வளவில் நாலு கொடி வைத்திருப்பவரும் தன் அளவில் செய்யலாம். ஊர் விதையை நினைவுப் பொருளாக லாச்சியில் வைத்திருப்பதைவிட அதற்கு இது பெரிய மரியாதை என்று நான் நம்புகிறேன். பொதியில் எஃப்1 என்று போட்ட கலப்பின விதையில் மட்டும் இதை முயல வேண்டாம். அதன் பிள்ளைகள் தாயைப் போல் வருவதில்லை.

இப்படிச் சேர்த்த விதையைப் பங்கிடவும் வழி உண்டு. 1990இல் வன்கூவரின் வான்டூசன் தோட்டத்தில் ஷரன் ரெம்பெல் தொடங்கிய 'சீடி சற்றடே' விதைச் சந்தை இப்போது நாடு முழுக்க மாசி, பங்குனி மாதங்களில் நடக்கிறது. நம் ஆட்கள் அங்கே வாங்கப் போகிறார்களே தவிர, கொடுக்கப் போவது குறைவு. பாகலையும் பயிற்றையையும் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும்.

வெளிவேலை ஏப்ரல் வரை அதிகமில்லை. ஸ்காபுறோவின் களிமண்ணை ஈரத்தில் கொத்தாதீர்கள், கட்டி பிடித்தால் கோடை முழுக்கக் கல்லாகவே கிடக்கும். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்க்க, உதிர வேண்டும். நகரசபை நடத்தும் சுற்றுச்சூழல் நாட்களில் கூட்டெரு இலவசமாகத் தருகிறார்கள், வாளியோடு போங்கள். கைக்கு வேலை வேண்டுமென்றால் வெந்தயம், மல்லி, முள்ளங்கி மூன்றையும் ஏப்ரல் நடுவிலேயே நேரே தூவலாம். சிறு உறைபனி அவற்றை ஒன்றும் செய்யாது. மல்லிக்கு இந்தக் குளிர்தான் நல்லது, யூலையில் போட்டால் இலை வருமுன் பூத்துவிடும்.

மே மாதம் இரண்டாம் கிழமை நாற்றுகளை வெளியே பழக்கத் தொடங்குவோம். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாக வெயில். அதை அடுத்த பகுதியில் விரிவாகப் பார்க்கலாம். இந்தக் கிழமை மிளகாயைப் போட்டுவிடுங்கள். விதைக் கத்தரி பூவிலிருந்து முற்றி மஞ்சளாக ஏறக்குறைய இரண்டு மாதம் எடுக்கும். ஓகஸ்ட் தொடக்கத்தில் பிடித்த பிஞ்சுதான் பனிக்கு முன் விதை தரும். அந்தப் பிஞ்சு வேண்டுமானால் கத்தரி விதையும் பங்குனி முடியுமுன் சூட்டுப் பாயில் இருக்க வேண்டும்.