சூழல் ஆற்றல் அறுவடை

சூழல் ஆற்றல் அறுவடை என்பது நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் ஒளி, வெப்பம், அசைவு, வானொலி அலை ஆகியவற்றிலிருந்து சிறிதளவு ஆற்றலைப் பெற்று மின்சாரமாக மாற்றி, சிறிய மின்னணுக் கருவிகளை இயக்கும் முறையாகும். காற்றாலை, நீர்மின் நிலையம் போன்றவையும் இயற்கையிலிருந்தே ஆற்றலைப் பெறுகின்றன. ஆனால் அவற்றின் திறன் மெகாவாட் கணக்கில் இருக்கும். இங்கு பேசப்படுவது மைக்ரோவாட் முதல் மில்லிவாட் வரையிலான திறன். ஒரு மைக்ரோவாட் என்பது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு குவார்ட்சு கைக்கடிகாரம் ஓடுவதற்கு ஏறத்தாழ இந்த அளவே போதும்.

சமையலறையில் உள்ள கேஸ் லைட்டரை எடுத்துக்கொள்ளலாம். அதில் மின்கலம் இல்லை. ஆயினும் அழுத்தியதும் பொறி பறக்கிறது. உள்ளே இருக்கும் சிறு சுத்தியல் ஒரு படிகத்தின் மீது மோதும்போது சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டாகிறது. விரலின் அழுத்தமே மின்சாரமாக மாறுகிறது. ஆற்றல் அறுவடை பல வீடுகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டு.

ஏன் தேவைப்படுகிறது?

உணரிகள் இன்று மிக மலிவாகிவிட்டன. வெப்பநிலை, ஈரப்பதம், அதிர்வு, கசிவு போன்றவற்றை அளந்து கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் கருவியை வயலிலும் பாலத்தின் அடியிலும் ஆலைக் குழாய்களிலும் பொருத்த முடியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மின்கலம் வேண்டும். ரூபாய் நாணயம் போன்ற சிஆர் 2032 வகைக் குமிழ் மின்கலம் 3 வோல்ட் மின்னழுத்தமும் சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவும் உடையது. சராசரியாக 10 மைக்ரோவாட் எடுத்துக்கொள்ளும் கருவியை அது ஏழு ஆண்டுகளுக்கு மேல் இயக்கக்கூடும். 100 மைக்ரோவாட் எடுக்கும் கருவிக்கோ ஓர் ஆண்டு கூட வராது.

ஒரு மின்கலத்தை மாற்றுவது எளிது. பத்தாயிரம் இடங்களில் ஏறி இறங்கி மாற்றுவது எளிதல்ல. மின்கலத்தின் விலையை விட ஆள்கூலி அதிகமாகிவிடும். தீர்ந்துபோன மின்கலங்கள் குப்பையில் சேர்வது மற்றொரு சிக்கல். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியுள்ளன. குமிழ் மின்கலங்களைச் சிறு குழந்தைகள் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் ஏற்படலாம். மின்கலமே தேவைப்படாத கருவிகளைத் தேடுவதற்கு இவையெல்லாம் காரணங்கள்.

வரலாறு

இத்துறைக்கு அடிப்படையான விளைவுகள் அனைத்தும் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டவை. 1821இல் தாமஸ் சீபெக் வெப்பமின் விளைவையும், 1831இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலையும், 1839இல் எட்மண்ட் பெக்கரல் ஒளிமின்னழுத்த விளைவையும், 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் அழுத்தமின் விளைவையும் கண்டறிந்தனர்.

தொடக்ககால வானொலிகளில் ஒன்றான படிக வானொலிக்கு மின்கலமே தேவையில்லை. நிலையத்திலிருந்து வந்த அலையின் ஆற்றலே காதொலிக் கருவியை ஒலிக்கச் செய்தது. இதில் பயன்பட்ட காலீனா படிக உணர்கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1928இல் ஜான்-லியோன் ரூட்டர் உருவாக்கிய அட்மோஸ் கடிகாரம், அறை வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்தால் விரிந்து சுருங்கும் வாயுவைக் கொண்டு தன் சுருளைத் தானே முறுக்கிக்கொண்டது. ஒரு பாகை செல்சியசு மாற்றம் அதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஓட்டத்தைத் தரும்.

1945இல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்குச் சோவியத் பள்ளி மாணவர்கள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசளித்தனர். அதனுள் லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்புக் கருவி இருந்தது. மின்கலமோ மின்கம்பியோ இல்லாத அது, வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சும்போது மட்டும் உயிர்பெற்றது. 1952இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைய மின்கலமில்லா அடையாள வில்லைகளின் முன்னோடியாக இது கருதப்படுகிறது.

ஆற்றல் மூலங்கள்

ஒளி: நான்கு மூலங்களில் மிகுந்த பயன் தருவது ஒளியே. நண்பகல் வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 100 மில்லிவாட் ஒளியாற்றல் விழுகிறது. நல்ல சிலிக்கான் சூரியக்கலம் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். அறைக்குள் வந்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். விளக்கொளியில் அதே பரப்பிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 10 மைக்ரோவாட் மட்டுமே. நம் கண் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரிய வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. கணிப்பானுக்கு மிகச் சிறிய திறன் போதுமென்பதால் 1970களின் இறுதியிலிருந்தே அது அறை வெளிச்சத்தில் இயங்கி வருகிறது.

வெப்பம்: இருவேறு குறைகடத்திப் பொருட்களை இணைத்து, ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னழுத்தம் உண்டாகும். இங்கு முக்கியமானது வெப்பம் அன்று, வெப்பநிலை வேறுபாடு. சீக்கோ நிறுவனம் 1998இல் உடல் வெப்பத்தில் ஓடும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. குளிர்நாட்டில் தோலுக்கும் காற்றுக்கும் இடையே பத்துப் பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கும். சென்னையின் மே மாத நண்பகலில் காற்றும் தோலும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில் இருப்பதால், அத்தகைய கடிகாரத்துக்கு ஆற்றல் ஏதும் கிடைக்காது. வெயில் சுட்டெரிக்கும் ஊரில் வெப்பமின் கருவி செயலற்றுப்போவது வியப்பாகத் தோன்றினாலும் அதுவே இயற்பியல். ஆனால் ஆலைகளின் நீராவிக் குழாய், மோட்டார் உறை போன்ற சூடான பரப்புகளில் இம்முறை நன்கு பயன்படுகிறது.

அசைவு: கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தும், அழுத்தமின் படிகத்தை வளைத்தும் மின்சாரம் பெறலாம். மிதிவண்டி டைனமோ இதில் பலருக்கும் பழக்கமானது. 6 வோல்ட், 3 வாட் விளக்கை எரியவிடும் அது சக்கரத்தில் உரசத் தொடங்கியதும் மிதிப்பது கடினமாகிவிடும். ஆற்றல் இலவசமாக வருவதில்லை, யாரோ கொடுக்கிறார்கள் என்பதைக் கால்களே உணர்த்தும். மின்கலமில்லாத கம்பியில்லாச் சுவிட்சுகளும் அழைப்பு மணிகளும் இதே முறையில் இயங்குகின்றன. பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது நகரும் காந்தம், ஒரு குறுஞ்செய்தியை அலையாக அனுப்பும் அளவுக்கு மின்சாரம் தருகிறது. நடக்கும்போது முழங்கால் அசைவிலிருந்து சுமார் 5 வாட் பெறும் கருவியை 2008இல் மேக்ஸ் டோனலன் குழுவினர் கனடாவில் செய்து காட்டினர்.

வானொலி அலை: கைப்பேசிக் கோபுரம், தொலைக்காட்சி நிலையம், வைஃபை திசைவி என எங்கும் அலைகள் நிறைந்துள்ளன. ஆயினும் தொலைவு இரு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். எனவே இதுவே நான்கில் மிக மெலிந்த மூலம். அலையை வேண்டுமென்றே ஒரு கருவியை நோக்கி அனுப்பும்போது நிலைமை வேறு. சுங்கச்சாவடியில் வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்ட ஃபாஸ்டேக் வில்லையில் மின்கலம் இல்லை. மேலே உள்ள படிப்பானின் அலையிலிருந்து ஆற்றலைப் பெற்று, அதே அலையை மாற்றிப் பிரதிபலித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. மெட்ரோ ரயில் அட்டைகளும் இவ்வகையே. கண்டிப்பாகச் சொன்னால் இது சூழலில் கிடந்த ஆற்றல் அன்று, கொடுக்கப்பட்ட ஆற்றல்.

சேமித்துச் செலவிடுதல்

அறுவடை செய்த மின்சாரம் அப்படியே பயன்படாது. உடல் வெப்பத்தில் கிடைப்பது பல வேளைகளில் சில பத்து மில்லிவோல்ட் மட்டுமே. மின்னணுச் சில்லுக்கு 2 முதல் 3 வோல்ட் வேண்டும். அதிர்விலிருந்தும் அலையிலிருந்தும் கிடைப்பது மாறுதிசை மின்னோட்டம். ஆகவே நேராக்கும் சுற்று, மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று, சேமிக்கும் மின்தேக்கி ஆகிய மூன்றும் தேவை. இவையும் ஓரளவு ஆற்றலை எடுத்துக்கொள்ளும்.

பிறகு சிறுதுளி பெருவெள்ளம் என்ற கதைதான். நான்கு சதுர சென்டிமீட்டர் சூரியக்கலம் கொண்ட ஓர் அறை வெப்பநிலை உணரியைக் கற்பனை செய்துகொள்வோம். அறை வெளிச்சத்தில் அதற்கு 40 மைக்ரோவாட் கிடைக்கும். சுற்றுகளில் பாதி வீணானாலும் 20 மைக்ரோவாட் மிஞ்சும். கருவி உறங்கும்போது 2 மைக்ரோவாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால் சேமிப்புக்கு 18 மைக்ரோவாட். ஒரு செய்தி அனுப்ப 30 மில்லிவாட் திறன் 5 மில்லிவினாடிக்குத் தேவை. அதாவது 150 மைக்ரோஜூல். இதைச் சேர்க்க ஒன்பது வினாடிகளுக்குள் முடிந்துவிடும்.

இருட்டான 12 மணி நேரத்துக்கு என்ன செய்வது? பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி வீதம் 72 செய்திகளுக்கு ஆகும் செலவு 10,800 மைக்ரோஜூல். அதே 12 மணி நேர உறக்கத்துக்கு ஆகும் செலவு 86,400 மைக்ரோஜூல். பேசுவதற்கு ஆவதைப்போல எட்டு மடங்கு உறங்குவதற்கு ஆகிறது! இரண்டும் சேர்ந்தாலும் 0.1 ஜூலுக்குள் அடங்கிவிடும். ஒரு சிறிய மீமின்தேக்கி இதைத் தாங்கும். பகல் 12 மணி நேரத்தில் சேர்வதோ 0.7 ஜூலுக்கு மேல். எனவே கருவி ஆண்டுக்கணக்கில் ஓடும். சூரியக்கலத்தைப் பெரிதாக்குவதைவிட உறக்கச் செலவைக் குறைப்பதில் பொறியாளர்கள் ஏன் கவனம் செலுத்துகிறார்கள் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

கைப்பேசிக்கு மின்னேற்ற முடியுமா?

'காற்றிலுள்ள வைஃபை அலையிலிருந்து கைப்பேசிக்கு மின்னேற்றலாம்' என்று கூறும் காணொளிகளும் விளம்பரங்களும் அவ்வப்போது பரவுகின்றன. இதையும் கணக்கிட்டே பார்க்கலாம். கைப்பேசி மின்கலத்தின் கொள்ளளவு 15 வாட்-மணி என்றும், அதன் பின்புறப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றும் கொள்வோம்.

நேரடி வெயிலில் அந்தப் பரப்பு முழுவதும் சூரியக்கலம் இருந்தால் 2 வாட் கிடைக்கும். மின்னேற்றம் முடிய ஏழரை மணி நேரம் ஆகும்.

அறை வெளிச்சத்தில் 1 மில்லிவாட் கிடைக்கும். 15,000 மணி நேரம், அதாவது 625 நாட்கள் ஆகும்.

5 மீட்டர் தொலைவில் 0.1 வாட் திறனில் இடைவிடாது ஒலிபரப்பும் வைஃபை திசைவியிலிருந்து அந்தப் பரப்பில் விழுவது சுமார் 3 மைக்ரோவாட். அதில் ஒரு துளியும் வீணாகாது என்றே வைத்துக்கொண்டாலும் மின்னேற்றம் முடிய சுமார் 570 ஆண்டுகள் ஆகும்.

கருவி எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும் இந்த எண்கள் மாறப்போவதில்லை. வந்து விழும் ஆற்றலே அவ்வளவுதான். இத்தகைய கருவியை விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எத்தனை மைக்ரோவாட்?

மாற்றுவழி, கருவியின் தேவையைக் குறைப்பதே. 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்கலமே இல்லாத ஒரு கைப்பேசி மாதிரியைச் செய்தனர். சில மீட்டர் தொலைவிலுள்ள நிலையத்தின் அலைகளைப் பிரதிபலித்துப் பேச்சை அனுப்பிய அது, ஏறத்தாழ 3.5 மைக்ரோவாட் திறனில் இயங்கியது. திரையும் செயலிகளும் அதில் கிடையாது.

பயன்பாடுகளும் வரம்புகளும்

கணிப்பான், கைக்கடிகாரம், அடையாள வில்லை, மின்கலமில்லாச் சுவிட்சு ஆகியவை ஏற்கெனவே பரவலாகிவிட்டன. 2021இல் சாம்சங் நிறுவனம் அறை வெளிச்சத்திலும் மின்னேற்றிக்கொள்ளும் தொலைக்காட்சித் தொலைவியக்கியை வெளியிட்டது. ஆலை இயந்திரங்களின் அதிர்வில் இயங்கி, அந்த அதிர்வையே கண்காணிக்கும் உணரிகளும் விற்பனையில் உள்ளன. இயந்திரம் நின்றால் உணரியும் ஓய்வெடுக்கும்.

மூலம் எப்போதும் ஒரே சீராக இராது என்பது இம்முறையின் முதன்மையான வரம்பு. மேகமூட்டம், நின்றுபோன இயந்திரம், பூட்டிய அறை என எதுவும் வரத்தை நிறுத்திவிடலாம். எனவே, உயிர் காக்கும் கருவிகளுக்கு இதை மட்டும் நம்ப முடியாது. தொடக்கச் செலவும் ஒரு மின்கலத்தின் விலையை விட அதிகம். சேமிப்புக்கு வைக்கும் மின்தேக்கிக்கும் ஆயுள் வரம்பு உண்டு.

சுருங்கச் சொன்னால், சூழல் ஆற்றல் அறுவடை வீட்டுக்கு ஒளியேற்றும் தொழில்நுட்பம் அன்று. எளிதில் சென்று சேர முடியாத இடத்தில், மிகக் குறைவாக உண்டு, மிகக் குறைவாகப் பேசும் கருவியை யாரும் தொடாமலேயே பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பதே அதன் பணி.