பரிசோதனைப் பட்டியலில் கொலஸ்ட்ரால் இல்லை: எல்லைக் கிராமங்கள் எழுப்பும் கேள்வி

புதுடெல்லி: முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் ஆகிய ஐந்தையும் தொடக்கத்திலேயே கண்டறியும் தேசியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ரத்தக் கொலஸ்ட்ரால் அந்த ஐந்தில் ஒன்றாக இல்லை. இந்தக் குறை கேரளத்தைப் போல வேறெங்கும் உறுத்தாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதன்படி, வயது வந்தோரில் உயர் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் நாட்டளவில் 24 சதவீதம், கேரளத்தில் 50.3 சதவீதம். அங்கு நீரிழிவு உள்ளவர்களோ 25.5 சதவீதம். தமிழகத்தில் நீரிழிவின் அளவு 14.4 சதவீதம்.

இவ்விரண்டும் ஒருவரிடம் சேரும்போது முதலில் பாதிக்கப்படுவது தமனியின் உட்சுவரே. உயர்ந்த சர்க்கரையால் சுவரின் மெல்லிய உட்படலம் பழுதடைகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் அதன் வழியே உள்ளே புகுந்து தங்குகிறது. அதை விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பால் நிறைந்து அங்கேயே படிய, சுவர் தடிக்கிறது. வலியோ வேறு அறிகுறியோ இன்றிப் பல ஆண்டுகள் இது தொடரும்.

கழுத்துத் தமனியை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்து இந்தத் தடிப்பை அறியலாம். சென்னையில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. நீரிழிவு இல்லாதோரிடம் சராசரி 0.74 மில்லிமீட்டராக இருந்த தடிப்பு, நீரிழிவு உள்ளோரிடம் 0.95 மில்லிமீட்டராக இருந்தது.

கேரளத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்தது நெய்யாற்றின்கரை தாலுகா. வெள்ளறடை, பாறசாலை ஆகிய எல்லை ஊர்கள் இதில் அடங்கியவை. இத்தாலுகாவின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரும் அபாயமுள்ள 1,007 பேரிடம் தடுப்பு முயற்சி ஒன்று மேற்கொள்ளப்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையத்தின் ஆய்வாளர்களும் இதில் பங்கேற்றனர். உள்ளூர்வாசிகளே பயிற்சி பெற்றுச் சிறு குழுக்களை வழிநடத்தினர்.

இரண்டு ஆண்டுகளில் குழுக்களில் சேர்ந்தோரில் 14.9 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்ததாக 2018-இல் வெளியான முடிவு கூறுகிறது. புள்ளியியல் நோக்கில் இந்த வேறுபாடு உறுதியானதல்ல. எனினும் மது அருந்துவது குறைந்தது. காய், கனி உண்பது கூடியது. அக்கம்பக்கத்தாரைக் கொண்டே நோய்த்தடுப்புப் பணியை நடத்த முடியும் என்பது தெளிவாயிற்று.

பழக்கவழக்கம் மட்டும் போதாத இடத்தில் மருந்து உதவுகிறது. இதயநோய் இல்லாத நீரிழிவு நோயாளிகளுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டார்வாஸ்டேடின் 10 மில்லிகிராம் தரப்பட்டபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்ததாகப் பிரிட்டன், அயர்லாந்து ஆய்வு 2004-இல் காட்டியது. இம்மருந்து இந்திய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளது.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் இருபுறத்து மக்களின் சுகாதாரமும் இரு மாநில அரசுகளின் பொறுப்பு. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு செல்கிறது. ஆனால் தேசியப் பட்டியலை விரிவாக்க வேண்டியது மத்திய அரசு. கழுத்துத் தமனியை அளக்கும் கருவி எல்லாக் கிராமங்களுக்கும் எட்டாது. சர்க்கரை கண்டறியப்பட்டவருக்குக் கொலஸ்ட்ராலையும் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மாரடைப்புக்குப் பின் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், அதன் செலவு மிகச் சிறிது.