லிங்க்ட்இன் வேலை தேட மட்டும்தானா? தூத்துக்குடி சிறுதொழில்கள் நேரடி பையர்களைத் தேடுவது எப்படி? முழு விவரம்!

லிங்க்ட்இன் என்றதும் 'அது வேலை தேடுறவங்க ஆப் தானே?' என்றுதான் பலரும் கேட்பார்கள். ஆனால், சரக்கை மொத்தமாக வாங்கும் நிறுவனங்களின் பர்சேஸ் மேனேஜர்கள், இறக்குமதியாளர்கள், ஷிப்பிங் ஏஜென்ட்கள் எல்லாம் இருக்கும் இடமும் அதுதான். 2003-ல் தொடங்கி, 2016-ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன இந்தத் தளத்தில், இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள்.

தூத்துக்குடிக்கு இது ஏன் முக்கியம்?

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்துடையது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும், உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தும் உள்ளூர் வியாபாரி அல்லது புரோக்கரிடம் சரக்கைக் கொடுக்கும் சிறு உற்பத்தியாளருக்கு, கடைசியில் அதை வாங்குவது யார் என்றே தெரியாது. விலையைச் சொல்வதும் அவர் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கான வரியை அமெரிக்கா 50% ஆக உயர்த்தியபோது, இறால் ஏற்றுமதித் தொழில் ஆடிப்போனது. ஒரே சந்தையை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம். நெருக்கடி வந்த பிறகு புதிய பையரைத் தேடுவது கஷ்டம். முன்கூட்டியே பழகி வைப்பதுதான் பாதுகாப்பு.

எப்படித் தொடங்குவது?

* முதலில் உரிமையாளர் பெயரில் ஒரு புரொஃபைல். அதற்குப் பிறகே நிறுவனத்துக்கான பக்கத்தைத் தொடங்க முடியும். இரண்டுமே இலவசம்.

* பெயருக்குக் கீழே வெறும் 'ஓனர்' என்று போட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. என்ன பொருள், எந்த ஊர், மாதம் எவ்வளவு டன் தர முடியும் என்று எழுதுங்கள். உப்புக்கு 2501, இறாலுக்கு 0306 என ஹெச்.எஸ். குறியீட்டையும் சேர்த்தால் வெளிநாட்டு பையருக்குச் சட்டென்று புரியும்.

* டிஜிலாக்கர் வழியாக ஆதார் மூலம் அடையாளத்தை உறுதி செய்து கொள்ளலாம். புதியவரிடம் நம்பிக்கை வர இது உதவும்.

* பதவி, நாடு, துறை வைத்துத் தேடி, சரியான ஆட்களுக்கு மட்டும் அழைப்பு அனுப்புங்கள். எடுத்த எடுப்பிலேயே விலைப் பட்டியலை அனுப்ப வேண்டாம். என்ன தயாரிக்கிறீர்கள், சாம்பிள் அனுப்பலாமா என்று இரண்டே வரியில் கேட்டால் போதும்.

* 'குட் மார்னிங்' படங்கள் இங்கே எடுபடாது. பேக்கிங் எப்படி நடக்கிறது, தரச் சோதனை எப்படி, கன்டெய்னரில் எப்படி ஏற்றுகிறீர்கள்? இதை வாரம் ஒருமுறை போட்டோவுடன் போடலாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

பையர் ஆர்வம் காட்டியதும் கேட்பது ஆவணங்களைத்தான். உத்யம் பதிவை இலவசமாகவே பெறலாம். ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. எண் வேண்டும். கட்டணம் 500 ரூபாய். உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமமும், கடல் உணவு ஏற்றுமதிக்கு எம்பெடா பதிவும் அவசியம்.

உள்நாட்டில் விற்பவர்களுக்கும் உத்யம் கைகொடுக்கும். பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம்.

இதில் உஷார்!

பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, 'பதிவுக் கட்டணம்', 'டெண்டர் கட்டணம்' என்று உங்களிடமே பணம் கேட்டால் அது மோசடி. 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு போன் செய்து உறுதி செய்யாமல் பணம் அனுப்பக் கூடாது. புதிய பையருக்குக் கடனில் சரக்கு அனுப்பும் முன், மத்திய அரசின் இ.சி.ஜி.சி. நிறுவனத்தில் காப்பீடு எடுக்கலாம். பணத்தை இழந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

யாருக்கு இது தேவையில்லை?

கடைக்கு வந்து கால் கிலோ மக்ரூன் வாங்கும் வாடிக்கையாளரைப் பிடிக்க இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் போதும். லிங்க்ட்இன் மொத்த வியாபாரத்துக்கானது. ஒரே வாரத்தில் ஆர்டர் குவியாது. அறிமுகம், சாம்பிள், சிறிய டிரையல் ஆர்டர் என்று படிப்படியாகத்தான் நகரும். ஆனால் அப்படி வரும் ஒரு பையர், உங்கள் சரக்கின் விலையை உங்களிடமே நேரடியாகப் பேசுவார்.