கடல் கடக்கும் வீணை

தஞ்சாவூர் வீணையொன்று இலண்டன் மாணவி ஒருத்திக்குச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. வெப்பம் மிகின் மெழுகு இளகி மெட்டுகள் இடம்பெயரும், சுருதி கெடும். ஆதலின் தந்திகளைத் தளர்த்தி, சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியே பொதிந்து, வெயில் படாமல் அனுப்புதல் வேண்டும்.

இனிச் சுங்கம். வாங்கிய விலைக்கு மட்டுமே வரி என்றெண்ணிப் பலர் ஏமாறுகின்றனர். பிரிட்டனில் கப்பற்கூலியும் காப்பீட்டுக் கட்டணமும் விலையோடு சேர்க்கப்படும். வீணை 500 பவுன், ஏனைய செலவு 200 பவுன் எனின், 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி மட்டுமே 140 பவுன், 100 அன்று. சுங்கவரி உண்டாயின் அதனையும் கூட்டி, அதன்மேலும் இவ்வரி விதிப்பர். வரிக்கு வரியா என்று நீங்கள் நகைக்கலாம், கணக்கு அப்படித்தான்! விலையைக் குறைத்து எழுதுவதோ குற்றம். வீணை உடைந்தால் ஈடும் குறையும்.

கச்சேரிக்குக் கொண்டுசென்று திரும்பக் கொணரும் கருவிக்கு இவ்வரிகள் இல்லை. 1961-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கைவழி வந்த ‘கார்னே’ என்னும் சீட்டு அதற்கு உதவும், தவணை ஓராண்டே.