கைவிடத் தெரிந்தவளே கெட்டிக்காரி!

சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு? "இது தெரியாதா? 52!" என்று ரம்மி ஆடும் நம் வீட்டுப் பொடியன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் மரியா கொன்னிகோவா என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு ஒரு காலத்தில் அது தெரியாது! மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அந்த அம்மாளுக்கு, வாழ்க்கையில் அதிர்ஷ்டம் எவ்வளவு, சாமர்த்தியம் எவ்வளவு என்று பார்த்துவிட ஆசை. எரிக் சைடல் என்ற தேர்ந்த ஆட்டக்காரரிடம் 'போக்கர்' கற்கப் போனார். 2018 ஜனவரியில் பஹாமாஸ் தீவில் நடந்த ஒரு போட்டியில் முதலாவதாக வந்து, 84,600 டாலரைத் தட்டிக்கொண்டு போனார்.

அப்படி என்ன ஆட்டம் அது?

'டெக்சஸ் ஹோல்டம்' என்ற வகையைப் பார்ப்போம். சீட்டுப் போடுகிறவருக்கு இடப்புறம் உள்ள இருவர், சீட்டைப் பார்க்குமுன்பே ஒரு தொகை வைத்துவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு. பிறர் பார்க்கக் கூடாது. பிறகு நடுவில் முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்றாக ஐந்து சீட்டைத் திறந்து வைப்பார்கள். அவை எல்லாருக்கும் பொது. மொத்தம் ஏழில் சிறந்த ஐந்தே உங்கள் 'கை'.

ஒரு ஜோடியைவிட இரண்டு ஜோடி உசத்தி. அதற்கு மேல், ஒரே மாதிரி மூன்று. பிறகு வரிசையாக ஐந்து. ஒரே சின்னத்தில் ஐந்து. மூன்றோடு ஒரு ஜோடி. ஒரே மாதிரி நான்கு. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே சின்னத்தில் வரிசையாக ஐந்து. எது அபூர்வமோ அதற்கே மதிப்பு! ஐந்து சீட்டு சேரக்கூடிய 25,98,960 விதங்களில், ஒரே சின்னத்தில் பத்து முதல் ஆஸ் வரை அமைவது நான்கே நான்குதான்.

பந்தயம் நான்கு சுற்று. எதிராளி வைத்த தொகைக்குச் சமமாக வைக்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். ஒருவரும் வைக்காதபோது சும்மாவும் இருக்கலாம். நீங்கள் கூட்டியதைக் கண்டு மற்றவர்கள் பயந்து ஒதுங்கிவிட்டால், உங்களுடையது வெறுங்கையானாலும் பணம் உங்களுக்கே!

நடுவில் 100 இருக்கிறது. எதிராளி 50 வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 கிடைக்க நீங்கள் 50 போட வேண்டும். நாலு தடவைக்கு ஒரு தடவையாவது ஜெயிக்கக்கூடிய கையா? வையுங்கள். இல்லையா? கவிழ்த்துவிடுங்கள்.

"இவ்வளவு போட்டாயிற்றே!" என்று மனம் கேளாதுதான். போட்டது போட்டதுதான், அது இனி நம் பணமல்ல. அடிப்பிடித்த பாயசத்தில் மேலும் முந்திரியைக் கொட்டினால் தீய்ந்த வாசனை போய்விடுமா?

வீட்டில் ஆடிப் பார்க்கப் பணம் வேண்டாம். ஆளுக்கு இருபது புளியங்கொட்டை போதும். ஜெயிப்பதை அதிர்ஷ்டம் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒதுங்கக் கற்றுக்கொள்ளுங்கள்!